பாதிக்குக் கீழே

ஒரு நாட்டு மக்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவருக்குக் கிடைப்பதில் பாதிகூடக் கிடைக்காதவர்களை எண்ணினால் வருவது ஒப்பீட்டு வறுமை விகிதம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான ஓஇசிடி அமைப்பு இப்படிப் பாதியில் கோடு போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 60 சதவீதத்தில் போடுகிறது. ஓஇசிடி கணக்கில் அமெரிக்காவின் விகிதம் டென்மார்க்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்கா ஏழை நாடு என்று இதற்குப் பொருளல்ல. வரியும் உதவித்தொகையும் அங்கே இடைவெளியைக் குறைவாகவே சுருக்குகின்றன.

இந்தப் பட்டியலில் இந்தியாவைச் சேர்ப்பது கடினம். இங்கே அரசு கணக்கெடுப்பது குடும்பங்களின் செலவை. வசதியானவர் ஈட்டியதில் பெரும்பங்கைச் சேமிக்கிறார். இல்லாதவருக்குக் கடன் வாங்கியதும் சேர்ந்து செலவாகிறது. செலவை வைத்துப் பார்த்தால் இடைவெளி சிறிதாகத்தான் தெரியும். ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினி குறியீடு 25.5 என்று சொல்லி, சமத்துவத்தில் உலகின் நான்காம் நாடு இந்தியா என 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. செலவில் வந்த எண்ணை, வருமானத்தில் வந்த பல நாட்டு எண்களோடு நிறுத்தியது நியாயமான ஒப்பீடு அல்ல.

கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து வறுமை மாறுவது ஹைதராபாத்தில் நன்றாகத் தெரியும். வறுமையைக் கணக்கிட அமைந்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12இல் அன்றைய ஆந்திரப் பிரதேச நகரங்களுக்கான வறுமைக்கோடு தலைக்கு மாதம் 1,009 ரூபாய். நாளொன்றுக்கு 34 ரூபாய்கூட இல்லை. சோறு, வாடகை, பஸ், மருந்து எல்லாம் அதற்குள். அந்தக் கோட்டின்படி நகர்ப்புற ஏழைகள் 5.8 சதவீதம்தான். 2022-23இல், ஹைதராபாத் இப்போது இருக்கும் தெலங்கானாவின் நகரங்களில் சராசரித் தலைச்செலவு மாதம் 8,158 ரூபாய். அங்கே நகரத்தில் ரேஷன் கார்டு பெற ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம்: நால்வர் குடும்பத்தில் தலைக்கு மாதம் 4,167. சராசரியும் நடுவும் வேறு, வருமானமும் செலவும் வேறு. ஆனாலும் பாதி என்ற அளவை இந்த வரம்பு கிட்டத்தட்டத் தொடுகிறது.

2025 உகாதி முதல் அந்தக் கார்டுக்குத் தலைக்கு 6 கிலோ சன்ன அரிசி இலவசம். ஹைதராபாத்தின் கச்சிபௌலி அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு இரவுச் சோறு உறுதி. மகளின் பள்ளிக் கட்டணம், வேலைக்குப் போகும் தூரத்தில் ஓர் அறை, மாதாமாதம் செல்போன் ரீசார்ஜ் ஆகியவற்றுக்கு வழியில்லை. ஊரார் இயல்பாக வாழும் வாழ்க்கையில் பங்குபெற முடியாததே வறுமை என்று சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1979இல் எழுதியது இந்த நிலையைத்தான்.

செலவோடு நிற்காமல், 2026இல் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு நடத்தப்போவதாக மத்திய புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. முந்தைய முயற்சிகள் கைவிடப்பட்டன. மக்கள் சொன்ன வருமானம், அவர்களின் செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக வந்ததே காரணம்.