குளிசையை நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு

“ஸ்டீரொய்ட் நஞ்சு. முகம் ஊதும், சீனி ஏறும், எலும்பு உளுத்துப்போகும். நிப்பாட்டிப்போட்டு நாட்டு மருந்தைப் பாருங்கோ.” செட்டிபாளையத்தில் மூளை இரத்தக்குழாய் அழற்சி நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அக்கறையோடு சொல்லும் வாதம் இது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி ஆளைக் கொல்லும்.

மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர் அழற்சியால் தடித்தால் உள்வழி ஒடுங்கும். இரத்தம் போகாத பகுதி செத்துவிடும். தலையிடி, மறதி, வலிப்பு, கடைசியில் பாரிசவாதம். செத்த பகுதியை எந்த மருந்தும் மீட்காது. அதனால்தான் மருத்துவர்கள் ஸ்டீரொய்டை அதிக அளவில் தொடங்குகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட்: 5 மில்லிகிராம் குளிசை பன்னிரண்டு. உள்ளங்கையில் அத்தனையையும் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் சில வாரம் குடித்தபின், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி; உயிரே போகலாம். படிப்படியாகக் குறைப்பது இதற்காகத்தான்.

தொற்று இருந்தால் ஸ்டீரொய்ட் கெடுக்கும் என்பதும் முழு உண்மையல்ல. காசநோய் மூளைக்காய்ச்சலிலும் இக்குழாய்கள் அழற்சியடைகின்றன. வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், காசநோய் மருந்தோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்டும் பெற்றவர்களில் 31.8 வீதத்தினர் இறந்தனர், பெறாதவர்களில் 41.3 வீதத்தினர்.

பக்கவிளைவுக்குப் பயமென்றால் சீனியையும் பிரஷரையும் சோதிக்கச் சொல்லுங்கள், கிளினிக் திகதியை நினைவூட்டுங்கள். குளிசையை நிறுத்த மட்டும் சொல்லாதீர்கள்.