பாசிக்கு முன் சட்டம் வருக!

பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீன் உண்டு எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் மாண்டன என்ற செய்தி 2022 சனவரியில் வெளியாயிற்று. நம் அம்பாறை மாவட்டத்துக்கு இது தலைகுனிவு. சோறு சுற்றும் பொலித்தீன் தாளை அரசு 2017இல் தடை செய்தது. மாற்றுப் பொருளைத் தந்ததா?

கடற்பாசிக் கூழிலிருந்து மண்ணில் மக்கும் தாள் செய்யலாம். வரவேற்கிறோம். ஆனால் எந்தப் பாசியிலிருந்து என்பதே கேள்வி.

தமிழ்நாட்டுக் கரையில் வருவாய்க்கென வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அந்நியப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகளைப் போர்த்தி அழிப்பது 2008இல் அறியப்பட்டது. முறிந்து மிதக்கும் துண்டொன்றே புதுச் செடியாகும். வாடையில் கொந்தளிக்கும் கல்முனைக் கடலில் அதனைக் கட்டிக் காப்பவர் யார்?

அழகுக்கென வந்த ஆற்றுவாழை பரவிய பின்னரே, 1909இல், அதற்கெதிரான கட்டளைச் சட்டம் பிறந்தது. கிட்டங்கி வழியே வயலுக்குச் செல்லும் உழவர் அதன் பலனை அறிவர்.

எனவே, பரவிவிட்ட பாசியை அகற்றி ஆலைக்கு அனுப்புக. இக்கரையில் புதிதாய் நடுமுன், மீனவர் சம்மதமும் நடுபவரின் இழப்பீட்டுப் பொறுப்பும் சட்டமாகட்டும். வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது அரசியலன்று.