சாக்கில் கட்டிய பூனை

சுந்தரபாண்டியபுரம் நெல்லும் சூரியகாந்தியும் விளையும் ஊர். விளைபொருள் வீட்டுக்கு வரும்போது எலியும் கூடவே வரும். எலி இருக்குமிடத்தில் பூனையும் வந்து சேரும். நெல் மூட்டையைக் காப்பதில் பூனைக்கு உள்ள பங்கை விவசாயி அறிவார். ஆனால் பூனை அளவுக்கு மீறிப் பெருகினால் கோழிக்குஞ்சு மிஞ்சாது, பால் சட்டியும் தப்பாது.

அப்போது கிராமங்களில் கையாளும் வழிகள் இரண்டு. சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விடுவது ஒன்று. கருவாட்டில் எலி மருந்தைத் தடவி வைப்பது மற்றொன்று. இரண்டுமே வீண் வேலை. சாக்கில் போன பூனை பட்டினியிலோ நாய் வாயிலோ மடியும். இங்கே அது விட்டுப்போன இடத்துக்கு வேறு பூனை வந்துவிடும். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். ஈற்றுக்கு 3 முதல் 5 குட்டிகள், ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. மிஞ்சிய இரண்டொரு பெட்டைகளே கணக்கைச் சரிசெய்துவிடும்.

நஞ்சு வைப்பதோ 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கருவாட்டை நாயும் கோழியும் தின்னும். குழந்தையின் கையிலும் அது அகப்படலாம். பூனை அற்றுப்போன ஊர்களின் கதையும் உண்டு. எலித்தொல்லை தாங்காமல் 1960-ல் சரவாக்கின் பாரியோ மலைப்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படை பூனைகளைப் பாராசூட்டில் இறக்கியது!

பலன் தருவது கருத்தடைதான். பூனையைப் பிடித்து, அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைச் சிறிது வெட்டிவிட்டால் மறுமுறை பிடிக்க வேண்டியிராது. கருத்தடை செய்த பூனை எலி பிடிக்காது என்பது வீண் பயம். வேட்டைக் குணம் அதனால் போவதில்லை. இரவெல்லாம் கத்திச் சண்டையிடுவதுதான் குறையும்.

பிடிப்பதற்குப் பெரிய கம்பிக்கூண்டும் துண்டுக் கருவாடும் போதும். பூனை சிக்கியதும் கூண்டைத் துணியால் மூடினால் அடங்கிவிடும். வெறுங்கையால் பிடிக்கலாகாது. கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாயை அப்போதைக்கு விட்டுவிடுவதே சரி. தாய் போனால் குட்டிகள் சாகும். கோழிக்குஞ்சுகளை இரவில் பஞ்சாரத்தில் அடைப்பது எப்படியும் விவசாயியின் பொறுப்பு.

செலவுதான் இடிக்கிறது. தெருப் பூனைக்கு ஒரு சிறு விவசாயி கைக்காசைப் போடுவாரென்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. குப்பை அள்ளுவதைப் போல இதுவும் பேரூராட்சி ஏற்க வேண்டிய பொதுச் செலவு. நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் உதவியைக் கேட்டுப் பெறுவதும், கூண்டுகளுக்கும் வண்டிக்கும் பணம் ஒதுக்குவதும் பேரூராட்சியின் வேலை. தெருவுக்கு எத்தனை பெட்டைப் பூனைகள் என்ற கணக்கோடு விவசாயிகள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால், தட்டிக்கழிப்பது கடினம்.