நெட் ஸ்லோவா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ரவுட்டரோட மெமரியைப் பாருங்க!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் அடிவார ஊர் காரவள்ளி. ரோடு நல்லா இருந்தா மட்டும் அங்கிருந்து மேலே போயிட முடியாது, இன்ஜின் இழுக்கணும். இன்டர்நெட்டும் அப்படித்தான். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிளைக் கொண்டுபோவதுதான் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. கேபிள்தான் ரோடு. வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும் ரவுட்டர்தான் இன்ஜின்.

உள்ளே என்ன இருக்கு?

ரவுட்டரில் முக்கியமா ரெண்டு வகை மெமரி. ஒன்று ஃபிளாஷ். மென்பொருளும் உங்கள் பாஸ்வேர்டு, செட்டிங்ஸும் இதில்தான் இருக்கும். கரன்ட் போனாலும் அழியாது. இன்னொன்று ரேம். எந்த போன் எந்தத் தளத்தோடு பேசுது என்கிற கணக்கை இதுதான் அந்தந்த நேரத்துக்கு வச்சிருக்கும். கரன்ட் போனால் காலி. போன், டிவி, கேமரா என்று இணைப்புகள் கூடக்கூட ரேம் திணறும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பல நேரம் சரியாகிறதே, காரணம் இதுதான்!

இந்தத் திணறல் பெரிய கம்பெனிகளையும் விட்டதில்லை. 2014 ஆகஸ்ட் 12 அன்று, உலக இணையத்தின் பாதைப் பட்டியல் 5,12,000-ஐத் தாண்டியது. அதற்கு மேல் இடமில்லாத பழைய ரவுட்டர்கள் தடுமாற, பல நாடுகளில் நெட் தடைப்பட்டது.

அப்கிரேடு பண்ண முடியுமா?

நிறுவனங்களுக்கான சில ரவுட்டர்களில் முடியும். வீட்டு ரவுட்டரில் மெமரி சிப்பை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். அப்கிரேடு என்றால் புது ரவுட்டர்தான். மெமரி பத்தாத ரவுட்டர் ஸ்லோ ஆவதோடு நிற்பதில்லை. பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுபோகும். ரவுட்டர்களுக்கான இலவச மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டி, 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் கொண்ட கருவிகளுக்குக் கடைசி வெளியீட்டைத் தந்தது 2022 ஏப்ரலில். அந்த ரகப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

ஏன் இப்போ பேசணும்?

ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போவதால், 2025 கடைசியில் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் 'குரூஷியல்' மெமரி விற்பனையையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்தது. ரவுட்டருக்கும் அதே சிப் சந்தைதான். சிப் விலை ஏறினால், செலவைக் குறைக்க மெமரியில் கைவைக்கும் ஆசை தயாரிப்பாளர்களுக்கு வரும். அதன் சுமை, ஒரு தடவை வாங்கினால் பல வருஷம் ஓட்டும் கிராமத்து வீடுகள் மேல்தான் விழும்.

அதனால், கடையில் ஸ்பீடை மட்டும் கேட்காதீங்க. ரேம் எவ்வளவு, ஃபிளாஷ் எவ்வளவு, எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு மூணு கேள்வி கேளுங்க. பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் ரவுட்டர் வாங்கும் அரசும் டெண்டரில் இதே மூன்றையும் கேட்கணும். மலை வரைக்கும் கேபிள் இழுத்த செலவு அப்போதான் வீண்போகாது.