கிணறு வழக்கொழிந்துவிடுமா?

இன்று நாம் அன்றாடம் பயன்படுத்தும் வசதிகளுட் பல நாளை இருக்கமாட்டா என்பர். வீதியோரத் தொலைபேசிக் கூடுகள் நம் கண்முன்னேயே மறைந்தன. அவற்றைத் தேடுவாரும் இல்லை. அடுத்து மறையப்போவது கிணறு என்று சிலர் கூறுகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வடகீழ்ப் பருவ மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கின்றது. இந்த நன்னீரையே நாம் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலேறும். துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. துலா வழக்கொழிந்தபோது அந்த எல்லையும் போயிற்று என்பதை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

தாளையடியில் 2024 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை வழங்கக்கூடியது. இதனை வரவேற்கவே வேண்டும். உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்த கிணற்றுநீரைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்தானது. பழையது என்பதற்காக அதனைப் போற்றுவது பேதைமை.

ஆயினும், அந்நிலையம் மின்சாரமின்றி இயங்காது. 2022 மார்ச் மாத இறுதியில் நாடு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டது. 1990 இன் பின்னர் குடாநாட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி வாழ்ந்தனர். எரிபொருளும் அரிதாக இருந்தது. கப்பியும் கயிறும் வாளியுமே அன்று வீடுகளுக்கு நீர் தந்தன. அந்தக் கிணறுகள் அன்று தூர்ந்து கிடந்திருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும்?

ஆகவே, குழாய் வருவதனால் கிணறு அழிந்துவிடாது. குழாய் வந்துவிட்டது என்ற நினைப்பில் நாம் அதனைக் குப்பைக் குழியாக்கும்போதுதான் அது அழிகிறது. சொந்தக் கிணற்றை என்ன செய்தாலும் பிறர் கேட்கலாமா என்பார்கள். கேட்கலாம். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் கொட்டிய கழிவு அயலவரின் வாளியில் வரும். முன்னோர் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் எழுதிவைத்தனர். காணியைத் துண்டுபோட்டாலும் கிணற்றைப் பொதுவில் விட்டனர். இன்று அதே துண்டுகளில் வீட்டுக்கொரு குழாய்க்கிணறும் அதனருகிலேயே மலக்குழியும் அமைகின்றன. கட்டட அனுமதி வழங்கும் உள்ளூராட்சி சபைகள் முதலில் பார்க்கவேண்டியது இந்த இடைவெளியைத்தான்.