வாடகை வீட்டு நாவல்கள்

என் மேஜையில் கிடந்த ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் சிரித்தார். அட்டையில் ஒரு விண்கலமும், திரையில் எல்லோரும் பார்த்துப் பழகிய ஒரு முகமும் இருந்தன.

"என்னங்காணும், நாவல் எழுதுகிற உமக்குமா இந்தப் பைத்தியம்? படத்தைப் பார்த்தாயிற்று. அப்புறம் அதையே புத்தகமாக வேறு படிக்க வேண்டுமா? சாப்பிட்ட இலையை மறுபடியும் போட்டுக்கொண்டு உட்காருகிற மாதிரி அல்லவா இருக்கிறது!" என்றார்.

நண்பர் நன்றாகப் படித்தவர். நாலு பேர் நடுவில் இலக்கியம் பற்றிப் பேசத் தெரிந்தவர். அதனால்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்தவருடைய சிரிப்பு இன்றைக்குச் சிரிப்பு; நாளைக்கு அபிப்பிராயம்; நாளன்றைக்கு அதுவே கொள்கையாகிவிடும்.

விஷயம் இதுதான். மேல்நாடுகளில் விஞ்ஞானக் கற்பனைப் படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் ஒட்டி நாவல்கள் எழுதப்படுகின்றன. அவற்றில் இரண்டு ரகம் உண்டு. படத்தின் கதையையே நாவலாக எழுதுவது ஒன்று. படத்தில் வந்த பாத்திரங்களை வைத்துக்கொண்டு புதுக் கதை பண்ணுவது மற்றொன்று. இரண்டிலும் பாத்திரங்கள் எழுதுகிறவனுக்குச் சொந்தமில்லை. வீடு வேறொருவருடையது. எழுத்தாளன் அதில் குடியிருக்கிறான், அவ்வளவுதான்.

இந்த வாடகை வீட்டு நாவல்களின் மீது நண்பர் சாட்டிய குற்றங்கள் மூன்று. இவை வெறும் பிரதி என்பது முதலாவது. இரவல் பாத்திரங்களில் இலக்கியம் பிறக்காது என்பது இரண்டாவது. பெரும்பாலும் குப்பை என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், பிரதி. 1966-ல் "ஃபென்டாஸ்டிக் வாயேஜ்" என்று ஒரு படம் வந்தது. மூளையில் அடைப்பு ஏற்பட்டுக் கிடக்கிறார் ஒரு விஞ்ஞானி. ஒரு நீர்மூழ்கிக் கப்பலை ஆட்களோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, அவர் ரத்தக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய அளவுக்கு வளர்ந்துவிடுவார்கள். முடிவில் ஆட்கள் கண்ணீர்த் துளி வழியாகத் தப்பி வருகிறார்கள். கப்பலை ஒரு வெள்ளை அணு விழுங்கிவிடுகிறது. படம் சுபம்.

இந்தக் கதையை நாவலாக எழுதும் வேலை ஐஸக் அஸிமோவிடம் வந்தது. அவர் கேட்ட கேள்வி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான். "ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள், சரி. உள்ளே கிடக்கும் கப்பல் வளராதா? வளர்ந்தால் நோயாளி என்ன ஆவார்?" வெள்ளை அணு விழுங்கிவிட்டால் கப்பல் இல்லாமல் போய்விடுமா? நாவலில் அவர் அந்த வெள்ளை அணுவையே கப்பலின் சிதைவோடு வெளியே வரும்படி செய்து, ஓட்டையை அடைத்தார். இத்தனைக்கும் புத்தகம் படத்துக்கு முன்பே வெளிவந்துவிட்டது. ஆகவே படம்தான் அஸிமோவின் நாவலைத் தழுவி எடுக்கப்பட்டது என்று அநேகர் நினைத்துக்கொண்டார்கள்! பிரதி எடுக்கிறவன் மூலத்தின் பிழையைத் திருத்துவானா? திருத்துகிறவனைப் பிரதி எடுக்கிறவன் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று பாருங்கள். "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி" 1968-ல் வந்தது. ஸ்டான்லி குப்ரிக் படத்தையும், ஆர்தர் ஸி. கிளார்க் நாவலையும், இருவரும் கலந்து பேசி ஏக காலத்தில் உருவாக்கினார்கள். படத்தில் விண்கலம் வியாழனுக்குப் போகிறது. நாவலில் சனிக்குப் போகிறது. அது சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம் வேறு. கப்பலை நடத்துகிற ஹால் என்ற கம்ப்யூட்டர் ஏன் மனிதர்களைக் கொல்லத் துணிகிறது? படம் அதை விளக்காமல் நம்மைத் திகைப்பில் விட்டுவிடுகிறது. நாவல் சொல்கிறது: உண்மையை மறைக்காமல் சொல்வதற்கென்று ஆக்கப்பட்ட இயந்திரத்திடம், பயணத்தின் நோக்கத்தைக் கூட வருகிறவர்களுக்கு மறைக்கும்படி உத்தரவிட்டார்கள், அந்த இரண்டுக்கும் நடுவில் அதன் புத்தி பேதலித்தது. பொய் சொல்லக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு மனசாட்சியின் கதை அது. காமிராவுக்கு முகம் தெரியும். மனசுக்குள்ளே போவதற்கு வாக்கியம்தான் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குற்றம், இரவல் பாத்திரங்கள். இதைச் சொல்வதற்குத் தமிழ் படித்தவருக்கு நா எப்படி எழுந்தது என்றுதான் எனக்கு ஆச்சரியம். ராமனும் சீதையும் கம்பனுடைய சொந்தச் சரக்கா? வால்மீகியின் வீட்டில் குடியேறித்தானே கம்பன் மாளிகை கட்டினான்? கம்பனையும் இந்தப் புத்தகங்களையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பாத்திரம் இரவல் என்பது மாத்திரமே ஒரு குற்றமானால் உலக இலக்கியத்தில் பாதியைக் கடலில் கொட்டவேண்டியிருக்கும் என்கிறேன், அவ்வளவுதான்.

சினிமாவும் நாவலும் கைகோத்து வருவதும் நமக்குப் புதிதல்லவே. 1939-ல் கல்கியின் "தியாக பூமி" ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தபோது, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களோடுதான் வந்தது. அப்போது எந்த வாசகரும் எச்சில் இலை என்று முகம் சுளிக்கவில்லை.

மேலும், குடியிருக்கிறவர்கள் வீட்டைச் சும்மா அனுபவித்துவிட்டுப் போவதில்லை. 1966-ல் தொடங்கிய "ஸ்டார் ட்ரெக்" தொடரில் ஸுலு என்று ஓர் அதிகாரி வருவார். அவருக்கு முழுப்பெயர் என்று ஒன்று இல்லை. 1981-ல் வொண்டா மக்கின்டயர் எழுதிய நாவலில்தான் "ஹிகாரு" என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. பத்து வருஷம் கழித்து, 1991-ல் வந்த படத்தில் அதே பெயர் ஒலித்தது. "ஸ்டார் வார்ஸ்" கதைகளில் ஒரு பேரரசின் தலைநகரம் உண்டு. அதற்கு "கொரஸாண்ட்" என்று பெயர் வைத்தவர், 1991-ல் நாவல் எழுதிய திமதி ஸான். 1999-ல் வந்த படம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. குடித்தனக்காரர் இட்ட பெயரை வீட்டுக்காரர் தம் பிள்ளைக்கே சூட்டிக்கொண்டார்!

மூன்றாவது குற்றம், குப்பை. இதில் நண்பர் சொல்வதை நான் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். தியோடர் ஸ்டர்ஜன் என்ற எழுத்தாளர், எதை எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்குத் தொண்ணூறு குப்பைதான் என்று ஒரு விதியே வகுத்துவிட்டார். விஞ்ஞானக் கதைகளைக் குப்பை என்று இகழ்ந்தவர்களுக்குச் சொன்ன பதில் அது. அந்த ஸ்டர்ஜனே 1961-ல் "வாயேஜ் டு தி பாட்டம் ஆஃப் தி ஸீ" என்ற படத்தை நாவலாக எழுதியவர் என்பதை நண்பருக்கு நினைவூட்டுகிறேன்.

ஆனால் குப்பை ஏன் சேருகிறது என்று பார்க்கவேண்டாமா? வாடகை வீட்டின் நிபந்தனைகளைப் பாருங்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. கதாநாயகன் சாகக்கூடாது, அடுத்த வாரம் தொடரில் வரவேண்டியவன். அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளக்கூடாது. பண்ணிக்கொண்டாலும் கடைசி அத்தியாயத்துக்குள் மனைவியை எப்படியாவது அப்புறப்படுத்திவிட வேண்டும். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போகவேண்டும். மனிதன் மாறுவதைச் சொல்வதுதான் நாவல். மாறவே கூடாதென்று கையெழுத்து வாங்கிக்கொண்டு நாவல் எழுதச் சொன்னால் என்ன வரும்? அப்படியும் நூற்றுக்குப் பத்து நன்றாக வந்துவிடுகிறதே, அதுதான் அதிசயம்!

இங்கே இன்னொரு சங்கதி. இங்கிலாந்தில் "டாக்டர் ஹூ" என்ற தொடர் 1963-ல் தொடங்கிற்று. ஒளிபரப்பான பிறகு அந்த நாடாக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பி.பி.ஸி. கருதவில்லை. அழித்துவிட்டார்கள். 1960-களில் வந்தவற்றில் ஏறக்குறைய நூறு பகுதிகளின் படச்சுருள் இன்றும் அகப்படவில்லை. வீட்டில் வீடியோ வைத்துப் பார்க்கும் காலம் அப்போது வரவில்லை. ஒரு தடவை பார்க்கத் தவறினால் தவறினதுதான். 1973 முதல் டார்கெட் என்ற பிரசுரத்தார் அந்தக் கதைகளை மலிவுப் பதிப்பாக வெளியிட்டார்கள். டெரன்ஸ் டிக்ஸ் என்ற ஒருவரே அறுபதுக்கு மேல் எழுதினார். எளிய வாக்கியங்கள்; அலங்காரம் கிடையாது. அந்த நாட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இந்தப் புத்தகங்களில்தான் தாமாக உட்கார்ந்து படிக்கப் பழகினார்கள். கோடிக்கணக்கில் செலவிடும் ஸ்தாபனம் தொலைத்துவிட்ட கதையை, கூலிக்கு எழுதியவர்களின் காகிதம் காப்பாற்றி வைத்தது. எது மூலம், எது எச்சில்?

இவ்வளவு நேரம் நண்பரோடு பேசினேன். என் உண்மையான கோபம் நண்பர் மீது அல்ல, வீட்டுக்காரர்கள் மீது.

"ஸ்டார் வார்ஸ்" படம் 1977 மே மாதத்தில் வெளிவந்தது. அதன் நாவல் அதற்குச் சில மாதம் முன்பே, 1976-ன் கடைசியில், கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர். எழுதியவரோ ஆலன் டீன் ஃபாஸ்டர். "ஏலியன்" படத்தை 1979-ல் நாவலாக எழுதியவரும் அவரே. பிற்காலத்தில் இரண்டு படங்களின் உரிமையும் டிஸ்னி நிறுவனத்துக்குக் கைமாறிற்று. 2020-ல், எழுபது வயதைத் தாண்டிவிட்ட ஃபாஸ்டர், தமக்குச் சேரவேண்டிய ராயல்டி வரவில்லை என்று அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சங்கத்தின் மூலம் பகிரங்கமாக முறையிட நேர்ந்தது. உரிமையைத்தான் வாங்கினோம், கடமையை வாங்கவில்லை என்று நிறுவனம் வாதாடுவதாகச் சங்கம் குற்றம் சாட்டிற்று. ஊர் அறியக் கூச்சல் போட்ட பிறகு, 2021-ல் அவர் விவகாரம் தீர்ந்தது. தீர்ந்தது சந்தோஷம். ஆனால் கூச்சல் போடத் தெரியாதவன் கதி என்ன?

2014-ல் நடந்தது வேறு தினுசு. 1983-க்குப் பிறகு பதினாறு வருஷம் புது "ஸ்டார் வார்ஸ்" படம் வரவில்லை. அந்த வறட்சியில் கதையை உயிரோடு வைத்திருந்தவர்கள் ஸானைப் போன்ற நாவலாசிரியர்களும், அவர்களைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த வாசகர்களும்தான். புதுப் படங்கள் எடுப்பதென்று முடிவானதும், இத்தனை வருஷத்துக் கதைகளும் இனிக் கணக்கில் சேராது என்று ஓர் அறிவிப்பு வந்தது. "லெஜண்ட்ஸ்", அதாவது வெறும் கட்டுக்கதைகள் என்று பட்டம் கட்டி ஒதுக்கிவிட்டார்கள். சரி, ஒதுக்கியதை ஒதுக்கியபடி விட்டார்களா? ஸான் படைத்த த்ரான் என்ற படைத்தலைவனை 2016-ல் கார்ட்டூன் தொடருக்கும், 2023-ல் "அஸோகா" தொடருக்கும் அழைத்துக்கொண்டார்கள். ஸானையும் கூப்பிட்டுப் புது நாவல்கள் எழுதச் சொன்னார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். என்றாலும் ஒன்று தெளிவாகிறது. குடித்தனக்காரன் நட்ட மரத்தில் காய் காய்க்கிற வரையில் அது வீட்டுக்காரருடைய மரம். காய்க்காவிட்டால் குடித்தனக்காரன் போட்ட குப்பை.

இலக்கியவாதியின் ஏளனம் யாருக்கு உதவுகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? "இதெல்லாம் எழுத்தா? கூலி வேலை" என்று நாம் சிரிக்கச் சிரிக்க, அவன் பெயரை மறைப்பதும் அவன் சன்மானத்தில் கை வைப்பதும் சுலபமாகிவிடுகின்றன. எழுத்தாளனே இல்லை என்று நாமே சொல்லிவிட்டவனுக்கு ராயல்டி எதற்கு?

ஆகவே வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இரண்டே விஷயங்கள். பிடித்திருந்தால் வெட்கப்படாமல் படியுங்கள். அட்டையில் படத்தின் பெயரைப் பார்த்ததோடு நிற்காமல், எழுதியவர் பெயரையும் தேடிப் பாருங்கள். "ஸ்டார் ட்ரெக்" கதைகளை 1967 முதல் தொகுதி தொகுதியாக எழுதிய ஜேம்ஸ் பிளிஷ், அதற்கு முன்பே "எ கேஸ் ஆஃப் கான்ஷன்ஸ்" என்ற சொந்த நாவலுக்கு 1959-ல் ஹியூகோ பரிசு பெற்றவர். ஸுலுவுக்குப் பெயர் வைத்த மக்கின்டயர், "ட்ரீம் ஸ்னேக்" நாவலுக்காக 1979-ல் அதே பரிசைப் பெற்றவர். வாடகை வீட்டில் சந்தித்த மனிதரை அவருடைய சொந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். அந்த வீட்டில் அவர் விரும்பிய இடத்தில் ஆணி அடித்திருப்பார்.

நண்பர் விடைபெறும்போது, "உம்முடைய நாவலைப் படமாக எடுத்து, அந்தப் படத்தை இன்னொருவன் நாவலாக எழுதினால் சும்மா இருப்பீரா?" என்று மடக்கினார்.

இருக்கமாட்டேன். அவன் பெயரை அட்டையில் பெரிய எழுத்தில் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பேன். அப்புறம், நான் விட்ட பிழையை எங்கே திருத்தியிருக்கிறான் என்று முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்ப்பேன்.