எந்தத் தெரு என்று கேட்ட பெருமானார் (ஸல்)

மதீனத் திருநகரில், சித்தத்தில் சற்றே குறையுடைய பெண்மணி ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களை அணுகி, தமக்கு அவர்களிடம் ஒரு தேவை இருப்பதாகக் கூறினார். அண்ணலார் அவரை நாளை வருமாறு அனுப்பிவிடவில்லை. உறவினரை அழைத்து வரும்படி பணிக்கவுமில்லை. 'இன்னாரின் தாயே' என மரியாதையுடன் விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச விருப்பமோ அதனை அவரே தேர்ந்து சொல்லும்படி கேட்டார்கள். அவர் தம் தேவையை முடித்துக்கொள்ளும் வரை உடன் நின்றார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

அன்பர்களே! மனநோயாளர் மீது இரக்கம் கொள்வோர் நம்மிடையே பலருண்டு. அவருடைய விருப்பம் யாதெனக் கேட்போர் எத்தனை பேர்? இரக்கம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமையோ பெறுபவருக்கே சொந்தமானது.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் எழுந்து ஓட இயலாது கருகினர். மாண்டோர் 28 பேர். குணம் நாடி, துஆவை நம்பி, உற்றார் கொண்டுவந்து சேர்த்த உயிர்கள் அவை. பழியைத் தீயின் மீது மட்டும் சுமத்திவிட முடியுமா? சங்கிலியைக் கண்டும் காணாதிருந்த கண்களுக்கு அதில் பங்கில்லையா?

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்பது நபிமொழி. ஆதலின் துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அறிவு பேதலித்தவர் தெளிவடையும் வரை அவர்மீது வினைப்பதிவு இல்லை என்பதும் நபிமொழியே. அவரை விட்டு நீங்கியது கடமையே அன்றி உரிமையன்று! தம் பொருளை ஆளும் திறனற்றோர்க்கும் அப்பொருளிலிருந்தே உணவும் உடையும் அளித்து, நயமாகவும் பேசுமாறு 'அன்னிஸா' அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் பணிக்கின்றது.

நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இவ்வழியிலேயே பேசுகின்றது. எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்கிறது. சமுதாயத்தோடு கலந்து வாழ்வது மனநோயாளரின் உரிமை. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்திற்காக மட்டும் அவரை மருத்துவமனையிலேயே வைத்திருத்தல் ஆகாது என்கிறது. 'சித்தம் கலங்கியவரிடம் எப்படிக் கேட்பது?' என்று சிலர் வினவலாம். அதற்கும் வழியுண்டு. பின்னர் நோயுறின் எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக உள்ள காலத்திலேயே எழுதி வைக்கலாம். தம் சார்பில் பேச ஒருவரை நியமித்தும் கொள்ளலாம்.

ஆனால், சட்டம் சங்கிலியை அவிழ்க்கலாம். பள்ளிவாசல் வரிசையில் அவருக்கு இடம் விட வேண்டியவர்கள் நாமல்லவா? சிகிச்சை பெற்றுத் திரும்பியவரைப் பெருநாளன்று மார்புறத் தழுவுகிறோமா? திருமண வீட்டிற்கு அழைக்கிறோமா? அவருக்கு வேலை தர அஞ்சாதிருக்கிறோமா? ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

இன்று ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்பும் வழியில் அத்தகைய ஒருவர் எதிர்ப்படின், ஒதுங்கிச் செல்லாதீர்கள். நின்று, அவருக்கு என்ன வேண்டுமென்று அவரிடமே கேளுங்கள். அந்த நபிவழியில் நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.